சீச்சீயின் ஐந்து பைகள்

என் அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. தெருவிலும் அலுவலகத்திலும் அவருக்குப் பெயர் சீச்சீ. பொருத்தமான பெயர்தான். எதைப் பார்த்தாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். டீ கிளாஸின் விளிம்பைப் பார்த்து ஒரு சீச்சீ. கதவுக் கைப்பிடியைப் பார்த்து ஒரு சீச்சீ. பக்கத்தில் யாராவது தும்மினால் இரண்டு. பணி ஓய்வு விழாவில் பூங்கொத்து கொடுத்தார்கள். அதில் ஒரு புழு இருந்ததாம். மேடையிலேயே சொல்லிவிட்டார். மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவர். சைக்கிளில் வீடு வீடாகப் போக வேண்டும். வாசல் ஓரத்து இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கி, குழிக்குள் தலையை விட்டு, கண்ணாடி மேல் படிந்த பாசியைத் துடைத்து, உள்ளே ஓடும் எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளைக்குத் தொண்ணூறு குழி. கரப்பான், செத்த எலி, யாரோ காறித் துப்பியது, குழந்தைக்குக் கட்டிக் கழற்றிப் போட்டது என்று ஒவ்வொரு குழியிலும் அவருக்கு ஏதாவது காத்திருக்கும். அத்தனைக்குள்ளும் கையை விட்டுச் சம்பாதித்த மனிதன் அருவருப்புப் படாமல் என்ன செய்வான் என்று ஆரம்பத்தில் நானும் பரிந்து பேசியிருக்கிறேன். பிறகு அலுத்துவிட்டது.

எனக்கு மட்டும் அழுக்கு தெரியாதா? நான் சீட் கவர் தைப்பவள். கார், வேன், லாரி எல்லாவற்றின் சீட்டும் என் கடைக்கு வரும். பழைய உறையை உரித்தால் மனித குலத்தின் லட்சணம் அத்தனையும் அடியில் இருக்கும். முடி, நகம், மென்று ஒட்டிய சூயிங்கம். ஒரு தடவை ஒரு கடைவாய்ப் பல் கிடைத்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அதே மேஜையில் சாப்பிட்டேன். அவரை மாதிரி மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால் என் பிழைப்பு என்ன ஆவது?

இந்த அருவருப்பால்தான் அவர் மகளை இழந்தார். அது நடந்து ஆறு வருடம் ஆகிறது.

மகள் தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளைக்குத் தொழில் கோழிப்பண்ணை. அதையே அண்ணன் மென்று விழுங்க முடியாமல்தான் விழுங்கினார். அண்ணி அவளைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தவள். அதனால் முதல் முறையாக அந்த வீட்டுக்குப் போனது அண்ணனும் நானும் மட்டும்தான். கொட்டகைகளைத் தாண்டி வரும்போது நாற்றம் மூக்கைத் துளைத்தது. மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். பரவாயில்லையே, இன்றைக்குத் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

வாசலில் சம்பந்தி வீட்டார் எல்லோரும் நின்றிருந்தார்கள். மகள் ஒரு தட்டில் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணன் ஒன்றை எடுத்தார். நான் ஒன்றை எடுத்தேன். அப்போதுதான் பாழாய்ப்போன அந்த மூடி அவர் கண்ணில் பட்டது. கேட்டுக்குப் பக்கத்திலேயே மீட்டர் குழி. வேறு எந்த அப்பனாக இருந்தாலும் மகளின் முகத்தைப் பார்த்திருப்பான். இவர் மூடியைப் பார்த்தார். கை தானாகப் போயிற்று. இடது கையில் தம்ளரை வைத்துக்கொண்டு, குனிந்து, வலது கையால் மூடியைத் தூக்கிவிட்டார். உள்ளே நனைந்த இறகு, நெளிகிற புழு, உடைந்து அழுகிய முட்டை.

"சீச்சீ! இந்தத் தண்ணியையா குடிக்கிறீங்க? மனுஷன் குடிப்பானா இதை?"

சொன்னதோடு விட்டாரா? தம்ளரைத் தரையில் கவிழ்த்தார். மகள் கொடுத்த தண்ணீர், சம்பந்திகள் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் காலடியிலேயே ஓடிற்று.

அவள் அழவில்லை. "கிளம்புங்கப்பா. இனிமே இந்த வாசலை மிதிக்காதீங்க" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நான் தண்ணீரைக் கொட்டவில்லை. ஆனால் குடிக்கவும் இல்லை. அந்தக் குழியைப் பார்த்தபின் தொண்டையில் இறங்கவில்லை. யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று தம்ளரை மதில்மேல் நிறையத் தண்ணீரோடு வைத்திருந்தேன். "நீங்களுமா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் இரண்டு பேரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன வருடக் கடைசியில் மாப்பிள்ளையிடமிருந்து அண்ணனின் போனுக்கு ஒரு படம் வந்தது. மூன்று சக்கர சைக்கிளில் ஒரு குழந்தை, முன்பல் இரண்டு இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. கூடவே அவர் குரலும் வந்தது.

"மாமா, பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆகுது. தாத்தா எங்கேன்னு கேக்குறா. உங்க பொண்ணுகிட்ட நான் பேசிப் பேசி ஒரு வழியா சம்மதிக்க வெச்சிருக்கேன். வாங்க. ஆனா ஒண்ணு மாமா. மறுபடி அந்த மாதிரி ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்துச்சு, அதோட முடிஞ்சுது. நானே கதவைச் சாத்திடுவேன்."

அண்ணன் அதை என் கடையில் உட்கார்ந்து ஏழு தடவை கேட்டார். உட்காருவதற்கு முன் ஸ்டூலைத் துடைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"போறேன்" என்றார்.

"பஸ் எத்தனை மணிக்குன்னு பாக்கவா?"

"பஸ்ஸா? சீச்சீ! அன்னிக்கு ஒரு தடவை போனதே போதும். சீட்டுல எவன் எவன் தலை எண்ணெய் இருக்கோ."

"அப்ப ரயில்ல போ."

"ரயில் கக்கூஸை நீ பாத்திருக்கியா?"

"நடந்து போறியா?"

"சைக்கிள்ல போறேன். என் சீட்டுல நான் மட்டும்தான் உக்காந்திருக்கேன்."

ஆயிரத்து நூறு கிலோமீட்டர். அறுபது வயது. எனக்குச் சிரிப்பு வந்ததா, எரிச்சல் வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. ஆனால் ஒன்று, சைக்கிள் அவருக்குப் புதிதில்லை. முப்பத்தொரு வருடம் மிதித்த கால் அது. புதிதாக வேண்டியிருந்தது பைகள்தான்.

பை வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தூரப் பயணம் போகிற சைக்கிள்காரர்களுக்கென்றே இருக்கும் கடை. பின் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்க ஒரு ஜோடி, முன் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒரு ஜோடி, ஹேண்டில்மேல் ஒன்று என்று ஐந்து பை வேண்டும் என்றான் விற்பனைப் பையன். ஒரு பையை அண்ணன் கையில் கொடுத்து, "வாட்டர்ப்ரூஃப் சார், ஒரு சொட்டு உள்ள போகாது" என்றான். அண்ணன் அதன் வாயைத் திறந்து மூக்கை நுழைத்தார். பசை வாடை. முகம் எட்டுக் கோணலாயிற்று.

"செத்த எலி மாதிரி நாறுது."

நான் தையலைப் பார்த்தேன். என் கண் போவது அங்கேதான். பெல்ட் பையோடு சேருகிற இடத்தில் ஒற்றைத் தையல். எல்லாப் பாரமும் தொங்கப் போவது அந்த இடத்தில். பக்கிளை விரலால் வளைத்தேன். மிட்டாய் மாதிரி நொறுங்கிற்று. கம்பெனிப் பெயரை மட்டும் நாலு வரிசைத் தையல் போட்டு உறுதியாகத் தைத்திருந்தார்கள். பை கிழிந்து போனாலும் பெயர் நிற்கும்.

"இதுக்கா இந்த விலை? தூ!" என்றேன்.

"இம்போர்ட்டட்மா."

"எங்கேர்ந்து வந்தா என்னப்பா, ஊசி நூல்தானே?"

உடைத்த பக்கிளுக்குக் காசு கேட்பானோ என்று வேகமாக வெளியே வந்துவிட்டோம். அடுத்து, பழைய பைகளை விற்க ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனோம். பை நல்ல பை. பக்கத்துப் பாக்கெட்டுக்குள் அண்ணன் கையை விட்டார். யாரோ பல் தேய்த்த பிரஷ் ஒன்று, முடியோடு, கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மனிதன் தெருக்கோடி வரை ஓடினார். பையின் சொந்தக்காரர் என்னிடம் கேட்டார், "அவருக்கு உடம்புக்கு ஏதாவதா?" ஆமாம், பிறந்ததிலிருந்தே என்றேன்.

"நீயே தைச்சுக் குடு" என்று கடைசியில் என் தலையில் கட்டினார். நான் தைப்பது சீட் கவர். ஆனாலும் லாரித் தார்ப்பாய் என்னிடம் இருந்தது, சீட் பெல்ட் பட்டை இருந்தது, கம்பிக் கொக்கி இருந்தது. எந்த நிறம் வேண்டும் என்று கேட்டேன்.

"வெள்ளை."

"ரோட்டுல போற பைக்கு வெள்ளையா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"வெள்ளையா இருந்தாத்தான் அழுக்கு தெரியும்."

தைத்தேன். அவருக்காகத் தைத்தேன் என்று சொன்னால் பொய். அந்த மதில்மேல் வைத்த தம்ளர் ஆறு வருடமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஜிப் வைக்கவில்லை, மழையில் ஜிப்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வாயை நீளமாக விட்டு, மூன்று சுருட்டுச் சுருட்டிப் பக்கிள் போடுகிற மாதிரி வைத்தேன். தையல் ஓட்டை ஒவ்வொன்றிலும் மெழுகு தேய்த்தேன். பெல்ட் சேருகிற இடத்தில் மூன்று தையல், நடுவில் குறுக்குத் தையல். யானையைத் தொங்கவிட்டாலும் பிய்யாது. ஒரு வாரம் என் கடையில் வேறு வேலை நடக்கவில்லை.

"பின்பையில வெளிப்பக்கமா நீளமா ஒரு பாக்கெட் வை" என்றார்.

"எதுக்கு?"

அவர் கையில் இருந்ததைக் காட்டினார். மூடி நெம்புகிற கம்பி. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியது.

"இதை எடுத்துக்கிட்டுப் போகப் போறியா? அண்ணே, உனக்கு வெக்கமா இல்ல? இந்தக் கம்பியாலதானே குடி கெட்டுச்சு!"

"அன்னிக்குக் கையாலதான் தூக்கினேன். வழியில நாய் துரத்துச்சுன்னா வேணும்."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். பாக்கெட்டை வைத்துத் தொலைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் சாமான்களை என் வெட்டு மேஜையில் கொண்டுவந்து பரப்பினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். விரிப்பு நான்கு. தலையணை ஒன்று, அதற்கு உறை ஆறு. கொசுவலை. சோப்பு பன்னிரண்டு. ஃபினாயில் ஒரு பாட்டில். கையுறை நூறு உள்ள ஒரு பெட்டி. முகமூடி ஒரு கட்டு. சொந்தக் குவளை. கழிவறையில் போட்டு உட்கார ஒரு பிளாஸ்டிக் வளையம். கருமம்! அதைத் தூக்கிப் பார்த்தபோது எனக்கே குமட்டிற்று. ஆயிரத்து நூறு கிலோமீட்டர் போகிற மனிதனின் மூட்டையில் ஒரு டியூப் இல்லை, பம்ப் இல்லை, பஞ்சர் ஒட்ட ஒரு துண்டு ரப்பர் இல்லை, ஒரு ஸ்பேனர் இல்லை.

"டயர் வெடிச்சா ஃபினாயில் ஊத்துவியா?" என்று கேட்டேன்.

ஐந்து பையையும் அவர் சொன்னபடியே நிரப்பினேன். கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தபோது முப்பத்து நான்கு கிலோ இருந்தது. ஓட்டிப் பாரு என்றேன். ஏறி உட்கார்ந்தார். முதல் மிதியிலேயே குதிகால் பின்பையில் இடித்தது. இரண்டாவது மிதியில் ஹேண்டில் தன் இஷ்டத்துக்குத் திரும்பிற்று. மூன்றாவது மிதியில் எதிர்வரிசை டயர் கடை வாசலில், கிரீஸும் தண்ணீரும் கலந்த குட்டையில் மல்லாந்து கிடந்தார். அவர் மேல் சைக்கிள். டயர் கடைக்காரர் ஓடிவந்து கையை நீட்டினார். அண்ணன் அந்தக் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு தானாக எழுந்தார். இந்த ஆளுக்கா ஒரு வாரம் கண் எரியத் தைத்தோம் என்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

எல்லாவற்றையும் மறுபடி மேஜையில் கொட்டினேன். லாரிக்காரர்கள் பாரம் ஏற்றுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான். கனமானது அடியில், கேரியரை ஒட்டி. இடமும் வலமும் ஒரே எடை. மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, கை வைத்ததும் கிடைக்கிற மாதிரி. குதிகால் படாமல் பின்பையை நாலு விரல் பின்னுக்குத் தள்ளிக் கொக்கியை மாற்றித் தைத்தேன். கையுறையில் பாதி, சோப்பில் ஒன்பது, ஃபினாயில், பிளாஸ்டிக் வளையம் எல்லாவற்றையும் தூக்கி மூலையில் எறிந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஐயோ" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டியூபும் பம்பும் ஸ்பேனரும் அந்த டயர் கடைக்காரரிடமே வாங்கி வைத்தேன்.

முன்பை ஒன்றின் அடியில் துணியில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. அவிழ்த்தேன். எவர்சில்வர் தட்டு, தம்ளர், ஒரு போர்வை. மேலே ஒரு காகிதத்தைக் குண்டூசியால் குத்தி, மீட்டர் அட்டையில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில் 'அங்கே' என்று எழுதியிருந்தார்.

"அண்ணே, இது என்ன 'அங்கே'?"

"அங்க போனா வேணும்ல."

"அங்கன்னா? உன் பொண்ணு வீட்டுலயா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அவ சோறு போட்டா அவ தட்டுல தின்ன மாட்டியா நீ?"

"தின்னுவேன். என் தட்டுல."

எனக்கு வந்ததே கோபம். கத்தரிக்கோலை மேஜையில் எறிந்தேன். "உன் பொண்ணைப் பாக்கப் போறியா, தொத்து வியாதி ஆஸ்பத்திரிக்குப் போறியா? அந்தக் குழந்தை அதோட தட்டுலேர்ந்து ஒரு வாய் எடுத்து உனக்கு ஊட்ட வந்தா என்ன செய்வே? கையுறை மாட்டிப்பியா? வேணாம், நீ போகவே வேணாம். இங்கேயே கெட. அவளாவது நிம்மதியா இருக்கட்டும். தூ, நீயும் ஒரு அப்பன்!"

அவர் ஸ்டூலைத் துடைக்காமல் உட்கார்ந்தார். அதை நான் கவனித்தேன்.

"வேணும்னா செய்யறேன்? தானா வருது. குமட்டிக்கிட்டு வருது. அன்னிக்கு அவ மூஞ்சிய பாத்தேன்ல, அப்பவே நாக்கைப் பிடுங்கிப் போட்டுடலாம்னு இருந்துச்சு. என் தட்டு இருந்தா வாயை மூடிக்கிட்டு ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிடுவேன். இல்லன்னா அந்த வார்த்தை வந்துடும். மறுபடி வந்துடுச்சுன்னா நான் எங்க போவேன்?"

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவராவது கொட்டிவிட்டு வெளிப்படையாக நின்றார். நான் திருட்டுத்தனமாக மதில்மேல் வைத்தவள். போர்வையையும் தம்ளரையும் எடுத்து வெளியே வைத்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

திங்கட்கிழமை காலையில் போய்விட்டார். ஐந்து வெள்ளைப் பைகளும் தெரு முனையில் திரும்பும்வரை தெரிந்தன. டயர் கடைக்காரர், "சைக்கிளுக்குத் தலையணை உறை மாட்டின மாதிரி போறாரு" என்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு பார்சல் வந்தது. தலையணை, உறைகள், மூன்று விரிப்பு. ஒரு துண்டுச் சீட்டு: 'மேட்டில் ஏறவில்லை.' ஒன்பதாம் நாள் இன்னொன்று. கொசுவலை, முகமூடிக் கட்டு, மிச்சக் கையுறை. 'மழை. எல்லாம் ஊறிவிட்டது. பைக்குள் மட்டும் ஒரு சொட்டு இல்லை.' என் தையலுக்கு அவர் வாழ்நாளில் கொடுத்த ஒரே சான்றிதழ் அது.

பதினாலாம் நாள் வந்த பார்சலை, ஒரு வேன்காரர் சீட்டுக்குத் துணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. முன்பைகள் இரண்டும் உள்ளே மடித்துக் கிடந்தன. வெள்ளை என்று நான் சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். சேறு, சங்கிலி எண்ணெய், இன்னும் என்னென்னவோ. உள்ளே இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, ஈரத்தோடு சுருட்டிப் பத்து நாளாவது ஆகியிருக்கும். உவ்வே! குடலைப் பிடுங்குகிற நாற்றம். வேன்காரர் துணியைப் போட்டுவிட்டு, "அப்புறமா வரேன்" என்று நடையைக் கட்டினார். கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டவள், வாசலுக்கு ஓடிப்போய் மூச்சு வாங்கினேன். சீட்டில் எழுதியிருந்தது: 'துவைத்து வை.'

சட்டைகளைக் குச்சியால் தூக்கி வாளியில் போட்டேன். பைகளைக் கழுவ மனசு வரவில்லை. பின்கட்டில் ஆணியில் மாட்டிவிட்டேன். டீ கிளாஸின் விளிம்பைத் துடைக்கிற மனிதனா இது என்று ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் பார்சலைத் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டேன். தட்டு இல்லை. அந்தக் கம்பியும் இல்லை. விரிப்பை விட்டார், தலையணையை விட்டார், பையையே விட்டார். அவை இரண்டையும் மட்டும் விடவில்லை. கட்டையில் போக, இந்த ஆள் அங்கே போய் மறுபடி அதையேதான் செய்யப் போகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த ஒரு வாரம் நான் தைத்ததெல்லாம் கோணல்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அத்தை."

ஆறு வருடம் ஆனாலும் குரல் தெரியாமல் போகுமா? மெஷினை நிறுத்தினேன்.

"அப்பா வந்திருக்காரு."

"என்ன ஆச்சு? என்ன சொன்னாரு?"

"காலைல வந்தாரு. கேட்டுக்கிட்ட யாரோ சைக்கிளோட நிக்கிறாங்கன்னு பாப்பாதான் ஓடினா. ஓடின வேகத்துல மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்துட்டா. 'சீச்சீ! அம்மா, ஒரு ஆளு நாறுறாரு'ன்னு கத்துறா."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். "அவரு காதுல விழுந்துச்சா?"

"விழாம? சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு சிரிக்க ஆரம்பிச்சாரு அத்தை. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. உள்ள போய் ஒரு தம்ளர் தண்ணி எடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா, பையிலேர்ந்து ஒரு கம்பியை உருவுறாரு."

"ஐயையோ!"

"மீட்டர் மூடியை நெம்பித் தூக்கிட்டாரு. அந்தக் குழியை இத்தனை வருஷமா நாங்க தொடவே இல்ல. வேணும்னேதான் தொடல. அன்னிக்கு இருந்ததை விட மோசமாக் கெடக்கு. தம்ளரோட அப்படியே நின்னுட்டேன். அந்த வார்த்தை மட்டும் வந்துச்சு, தண்ணியை நானே அவர் மூஞ்சில ஊத்திடுவேன்னு நின்னேன். இவரும் கதவுல கையை வெச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"சொன்னாரா?"

"வாயே திறக்கல. பைக்குள்ள கையை விட்டு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தாரு. தரையில குப்புறப் படுத்தாரு. அந்தத் தட்டால குழிக்குள்ள இருந்ததை அள்ளி அள்ளி வெளிய போட்டாரு. சேறு, இறகு, புழு, எல்லாம். அரை மணி நேரம். கடைசில சட்டை நுனியால மீட்டர் கண்ணாடியைத் துடைச்சு, எண்ணை வாய் விட்டுப் படிச்சாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து கையை நீட்டினாரு. தண்ணியைக் குடிச்சிட்டு, இன்னொரு தம்ளர் குடுன்னாரு."

அந்தத் தட்டையா? மூன்று சுற்றுத் துணியில் பொதிந்து கொண்டுபோன தட்டையா?

"இரு. நடுவுல கையைக் கழுவினாரா?"

"இல்ல அத்தை."

"அந்தக் கையாலயேவா தம்ளரை வாங்கினாரு?"

"அந்தக் கையாலயேதான்."

"சீச்சீ!" என்று கத்திவிட்டேன்.

வாயைப் பொத்திக்கொண்டேன். என்ன காரியம் செய்துவிட்டேன்! அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சின்ன வயதில் என் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து துண்டுத் துணி பொறுக்கும்போது சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"அத்தை, அவரைக் குளிக்க வெச்சிருக்கோம். மூணாவது வாளி போயிட்டிருக்கு. நீங்க எப்ப வர்றீங்க?"

"நானா?"

"உங்க தண்ணி இன்னும் மதில் மேலயேதான் இருக்கு."

"கொட்டிடாதே. வந்து குடிக்கிறேன்" என்றேன்.

கடையை அன்றைக்குச் சீக்கிரமே சாத்தினேன். போவதற்குப் பை வேண்டுமே. ஆணியில் தொங்கிய முன்பைகளில் ஒன்றை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மாற்றுத் துணியை அதற்குள் திணித்தேன். கழுவ நேரம் இல்லை, பஸ் நாலரைக்கு.